சக்கரத்துக்குள் ஒரு கணக்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

கணக்கு என்பது காகிதத்தோடு முடிந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். விடை தவறினால் மதிப்பெண் குறையும்; அவ்வளவுதான். ஆனால் விடை தவறினால் ஓடுகிற வண்டியின் சக்கரம் ஆட்டம் காணும் கணக்குகளும் உலகில் உண்டு. அப்படிப்பட்ட ஒரு கணக்கைப் பற்றித்தான் இங்கே எழுத முற்படுகிறேன். அது நம் பாடநூலில் இல்லை. ஆயினும் அதைப் போடுவதற்கு வேண்டிய கூட்டல், கழித்தல், திருப்புத்திறன் எல்லாம் பள்ளியிலேயே நமக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டுவிட்டன.

என் தந்தையார் கோவை கணபதியில் ஒரே ஒரு லேத் வைத்துத் தொழில் செய்கிறவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கும் பையனாகச் சேர்ந்து, படிப்படியாக டர்னர் ஆனவர். வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தால் 0.02 மில்லிமீட்டர் வரை கண்ணால் படிப்பார். அதே மனிதர், வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நிரப்ப என்னைத்தான் அழைப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாலையில் கல்லூரி விட்டதும் பட்டறைக்குப் போய் ஜாப் ஒர்க் ரசீதுகளை எழுதி வைப்பது என் வேலை. "பொம்பளப் புள்ளைய பி.எஸ்சி. படிக்க வெச்சு என்ன பண்ணப் போற?" என்று உறவினர் கேட்கும்போதெல்லாம் அப்பா பதில் சொல்லாமல் சிரித்துவிடுவார். பதில் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு நாள் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவர் பட்டறைக்கு வந்தார். கடன் வாங்கி எடுத்த சிறிய கார். பழைய இரும்பு ரிம்களை விற்றுவிட்டு, வேறொரு காரிலிருந்து கழற்றிய அலாய் ரிம்கள் நான்கை வாங்கி மாட்டியிருந்தார். முன்சக்கரத்தைத் திருப்பினால் உள்பக்கம் டயர் உரசியது. டயரின் உட்சுவரில் ஒரு வட்டம் முழுக்கப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"ஏனுங்ணா, 25 எம்.எம்.ல நாலு ஸ்பேசர் கடைஞ்சு குடுத்துருங்க. கூட்டாளி வண்டில அதுதான் போட்டிருக்கான். வண்டியும் அகலமா, பாக்க ஜோரா இருக்குது" என்றார்.

ஸ்பேசர் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சக்கரம் மாட்டும் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் ஒரு தட்டையான வளையம். எத்தனை மில்லிமீட்டர் தடிமனோ அத்தனை மில்லிமீட்டர் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அலுமினியக் கட்டையை சக்கில் பிடித்து, முகம் சீவி, நடுத்துளை கடைந்து, நான்கு துளை போட்டால் முடிந்தது. அந்த மாதம் பட்டறை வாடகை கொடுக்க வேண்டிய நேரம். நான்கு ஸ்பேசர் என்பது எங்களுக்கு நல்ல வேலை. ஆயினும் அப்பா உடனே அளவு நாடாவை எடுக்கவில்லை. என்னைப் பார்த்து, "அம்மணி, 25ன்னு எப்படி வந்துச்சு? கூட்டாளி வண்டி கணக்கு இந்த வண்டிக்கு ஒத்து வருமா? நீ போட்டுப் பாரு" என்றார்.

இனி கணக்குக்கு வருவோம். தோழர்கள் பொறுமையோடு உடன் வர வேண்டுகிறேன்.

ஒவ்வொரு ரிம்மின் மீதும் சில எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த வண்டியின் பழைய ரிம்மில் ஒன்று ஸ்டெப்னியாக இன்னும் டிக்கியில் இருந்தது. அதில் 5 ஜே × 14, ஈ.டி. 40 என்று இருந்தது. புதிய அலாய் ரிம்மில் 6 ஜே × 15, ஈ.டி. 48 என்று இருந்தது. முதல் எண் ரிம்மின் அகலம், அங்குலத்தில். 'ஜே' என்பது விளிம்பின் வடிவத்தைக் குறிக்கும் எழுத்து. அடுத்த எண் விட்டம், அதுவும் அங்குலத்தில். ஈ.டி. மட்டும் மில்லிமீட்டரில் இருக்கும். 'ஐன்பிரெஸ்டீஃபெ' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. ஒரே ரிம்மில் இரண்டு அளவு முறைகள் குடித்தனம் நடத்துவதைப் பாருங்கள்! ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் இரண்டையும் சமாதானம் செய்துவிடலாம்.

ஈ.டி. என்றால் என்ன? ரிம்மின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு கோடு போடுங்கள். அது மையக்கோடு. ரிம் ஹப்போடு முகம் ஒட்டும் இடம் அந்த மையக்கோட்டில் இராது. பெரும்பாலான கார்களில் அதைவிட வெளிப்புறமாக இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள தூரமே ஈ.டி. ஆகவே ஈ.டி. கூடக் கூடச் சக்கரம் வண்டிக்குள் போகும். குறையக் குறைய வெளியே வரும். ஸ்பேசர் வைப்பது என்பது ஈ.டி.யிலிருந்து அதன் தடிமனைக் கழிப்பதே.

ஹப் முகத்திலிருந்து உள்பக்கம் ரிம் எவ்வளவு தூரம் நீள்கிறது? அகலத்தில் பாதியோடு ஈ.டி.யைக் கூட்ட வேண்டும். வெளிப்பக்கம் எவ்வளவு? அகலத்தில் பாதியிலிருந்து ஈ.டி.யைக் கழிக்க வேண்டும். விளிம்பின் தடிமன் இந்த அகலத்தில் சேராது. ஆனால் நமக்கு வேண்டியது பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஆதலால் அது இருபுறமும் ஒன்றாகக் கழிந்துபோகும்.

பழைய ரிம்: 5 அங்குலம் 127 மி.மீ.; பாதி 63.5. உள்பக்கம் 63.5 + 40 = 103.5. வெளிப்பக்கம் 63.5 − 40 = 23.5.

புதிய ரிம்: 6 அங்குலம் 152.4 மி.மீ.; பாதி 76.2. உள்பக்கம் 76.2 + 48 = 124.2. வெளிப்பக்கம் 76.2 − 48 = 28.2.

ஆக, புதிய சக்கரம் உள்பக்கம் 20.7 மி.மீ. அதிகமாகப் போகிறது. வெளிப்பக்கம் 4.7 மி.மீ. மட்டுமே வருகிறது. ஓர் அங்குலம் அகலம் கூடியதில் பெரும்பங்கை உள்பக்கமே விழுங்கிவிட்டது. உரசாமல் என்ன செய்யும்?

கணக்கு காகிதத்தில் சரி, வண்டியில் சரியா? அப்பா ஸ்டெப்னியை முன்பக்கம் மாட்டச் செய்தார். டயருக்கும் உள்ளே நிற்கும் ஷாக் அப்சார்பர் குழாய்க்கும் நடுவில் டிரில் பிட்டுகளின் காம்பை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். 22 மி.மீ. பிட் உராய்ந்துகொண்டு நுழைந்தது. அப்படியானால் புதிய சக்கரத்தில் மிஞ்சும் இடைவெளி 22 − 20.7 = 1.3 மி.மீ. என்று நான் எழுதினேன். அலாய் ரிம்மை மீண்டும் மாட்டினோம். அப்பா ஹேக்சா பிளேடுகளின் முதுகுப் பக்கத்தை விட்டுப் பார்த்தார். ஒரு பிளேடின் தடிமன் 0.65 மி.மீ. இரண்டு சேர்த்து இறுக்கமாக நுழைந்தன, மூன்று நுழையவில்லை. அப்பா என் நோட்டையும் பிளேடையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வோர் அளவையும் எடுத்ததும் என்னிடம் சொல்லி எழுதச் சொன்னார்.

டயர் ரிம்மைவிடப் பிதுங்கி நிற்குமே என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்விதான். பழைய டயர் 165/80 ஆர் 14. புதியது 185/65 ஆர் 15. டயரின் பிதுக்கம் ரிம்மின் அகலத்தையும் பொறுத்தது என்பதால், மாட்டிய டயரின் மேலேயே அளவு எடுப்பதுதான் நம்பகம். உயரத்தையும் பார்த்துவிட வேண்டும். பழையதன் பக்கச் சுவர் 165-இல் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ. அதை இரட்டித்து, 14 அங்குலத்தின் 355.6-ஐக் கூட்டினால் விட்டம் 619.6 மி.மீ. புதியதன் பக்கச் சுவர் 120.25, இரட்டித்து 381-ஐக் கூட்டினால் 621.5 மி.மீ. வித்தியாசம் 1.9 மி.மீ. தான். வேகமானி பொய் சொல்லாது. அதே காரின் உயர்ந்த வகைக்குத் தயாரிப்பாளரே இந்த அளவு டயரைத்தான் தருகிறார். ஆகவே டயர் மேல் குற்றமில்லை. குற்றமெல்லாம் ஈ.டி.யில்.

அடுத்து, ஸ்பேசர் எத்தனை மி.மீ.? சக்கரம் திரும்பும்போதும் குழியில் இறங்கும்போதும் டயர் சற்று வளையும். ஆகவே உள்பக்கம் சுண்டுவிரல் அளவுக்காவது, அதாவது 8 மி.மீ. இடம் வேண்டும் என்றார் அப்பா. இருப்பது 1.3. ஆகவே வேண்டியது 6.7, வட்டமாக 7 மி.மீ.

வெளிப்பக்கம் மட்கார்டின் விளிம்பிலிருந்து தூக்குக் குண்டைத் தொங்கவிட்டோம். பழைய சக்கரம் அந்த நூலுக்கு 18 மி.மீ. உள்ளே நின்றது. புதியது 4.7 வெளியே வருவதால் மீதி 13.3. இதில் 7 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் 6.3 மிஞ்சும். கேட்டபடி 25 வைத்தால்? 13.3 − 25 = −11.7. டயர் மட்கார்டைத் தாண்டி 11.7 மி.மீ. வெளியே நிற்கும். ஆள் ஏறி வண்டி அமுங்கினால் மட்கார்டு விளிம்பு டயரைக் கத்திபோல் சீவும். நண்பர் வண்டியின் 25 இந்த வண்டிக்குப் பகை என்பது ஒரு கழித்தலிலேயே தெரிந்துவிட்டது.

"அப்ப ஏழே கடைஞ்சு குடுத்துருங்க" என்றார் அந்த அண்ணன். அப்பா தலையை ஆட்டினார். "இரு தம்பி. நட்டு எத்தன சுத்துப் பிடிக்குதுன்னு பாக்கோணும்."

இதுதான் எனக்குத் தெரியாத, அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு. அந்த வண்டியின் ஸ்டட் எம் 12 × 1.25. அதாவது விட்டம் 12 மி.மீ.; நட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் 1.25 மி.மீ. நகரும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு நீளமாவது மரை நட்டுக்குள் பிடித்திருக்க வேண்டும் என்பது பட்டறை விதி. 12-ஐ 1.25-ஆல் வகுத்தால் 9.6. ஆகவே ஏறத்தாழப் பத்துச் சுற்று. ஸ்பேசர் இல்லாமல் அலாய் ரிம்மில் நட்டு எத்தனை சுற்றுப் பிடிக்கிறது என்று எண்ணினோம். 12 சுற்று, அதாவது 15 மி.மீ. அதில் 7-ஐக் கழித்தால் 8 மி.மீ., அதாவது 6.4 சுற்று. போதாது! இருக்கும் ஸ்டட்டுக்கு 3 மி.மீ. ஸ்பேசருக்கு மேல் தாங்காது. உள்பக்கமோ 7 கேட்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். சக்கரத்தை ஸ்டட்டுகள் தாங்கிப் பிடித்திருப்பதாகவே நான் நினைத்திருந்தேன். உண்மையில் நட்டை முறுக்கும்போது ஸ்டட் சிறிதளவு நீண்டு, ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் விளையும் உராய்வு விசையே பெரும்பாலும் சக்கரத்தை நழுவாமல் நிறுத்துகிறது. மரை குறைவாகப் பிடித்தால் அழுத்தம் நிற்காது. அழுத்தம் குறைந்தால் ரிம் நுண்ணிதாக அசையும். அசைந்தால் நட்டு தளரும். அதற்குப் பிறகு நடப்பதைச் செய்தித்தாளில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

நீளமான ஸ்டட் மாற்றலாம். ஆனால் ஹப்பைக் கழற்றி, பழையதை அடித்தெடுத்து, சரியான தரத்திலும் பல்வரியிலும் புதியது ஏற்ற வேண்டும். தனக்கென ஸ்டட் கொண்ட ஸ்பேசர் போடலாம்; ஆனால் நட்டுகளை உள்ளே புதைக்க இடம் வேண்டும் என்பதால் அதன் தடிமன் 20 மி.மீ. அளவுக்குப் போய்விடும். வெளிப்பக்கம் இருப்பதே 13.3 தானே! எல்லாக் கதவும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

அன்றிரவு நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நம் இயற்பியல் வகுப்பில் திருப்புத்திறன் படித்தோமே, விசையைச் செங்குத்துத் தூரத்தால் பெருக்குவது. அது நினைவுக்கு வந்தது. பழைய சக்கரத்தின் மையக்கோடு ஹப் முகத்திலிருந்து 40 மி.மீ. உள்ளே இருந்தது. வண்டியைச் செய்தவர்கள் பேரிங்கையும் ஸ்டீயரிங் அமைப்பையும் அந்தக் கோட்டைக் கருதித்தான் வடிவமைத்திருப்பார்கள். 25 மி.மீ. ஸ்பேசர் வைத்திருந்தால் புதிய ரிம்மின் ஈ.டி. 48 − 25 = 23 ஆகும்; மையக்கோடு 17 மி.மீ. வெளியே நகரும். ஒரு முன்சக்கரத்தின் மேல் 300 கிலோ சுமை என்று கொண்டால், விசை 2940 நியூட்டன். 0.017 மீட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 50 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டு, அந்தக் கம்பியை இரவும் பகலும் பேரிங்கில் மாட்டி வைத்ததற்குச் சமம். குழியில் விழும்போது அது பல மடங்காகும்.

7 மி.மீ. வைத்தால்? 48 − 7 = 41. பழைய கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தூரம்தான். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று புலப்பட்டது. நாம் தேடிக்கொண்டிருப்பது ஸ்பேசரை அல்ல; அந்தப் பழைய 40-ஐத்தான்! இதே 6 ஜே × 15 அளவில் ஈ.டி. 40 உள்ள ரிம் கிடைத்தால் ஸ்பேசரே தேவையில்லை. உள்பக்கம் 76.2 + 40 = 116.2, கூடுதல் 12.7, மிஞ்சும் இடைவெளி 9.3. வெளிப்பக்கம் 36.2, கூடுதல் அதே 12.7, மிஞ்சுவது 5.3. கூடிய ஓர் அங்குலமும் உள்ளே பாதி, வெளியே பாதி என்று பங்காளிச் சண்டை இல்லாமல் பிரிந்துவிடுகிறது. ஸ்டட்டின் பன்னிரண்டு சுற்றில் ஒன்றும் குறையாது. திருப்புத்திறன் கூடாது. வாங்கிய டயர்களும் வீணாகா.

மறுநாள் அந்த அண்ணன் வந்தபோது அப்பா நோட்டை அவரிடம் காட்டி, "ஸ்பேசர் கடையறதுக்கு எனக்கு ஒரு பொழுது போதும் தம்பி. ஆனா இது வேண்டா. ரிம்ம மாத்திக்க. 40ன்னு அச்சடிச்சிருக்கோணும். துளை வட்டம், நடுத்துளை, நட்டு உக்கார்ற சரிவு மூணும் ஒத்து வருதான்னு பாத்து வாங்கு" என்றார். வாடகை வண்டி ஆயிற்றே, எஃப்.சி.க்குப் போகும்போது என்ன சொல்வார்கள் என்றும் கேட்டார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சக்கரம் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

அந்த அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. "காசு போட்டு வாங்கிட்டனுங்ணா. உங்குளுக்கு வேண்டாமின்னா பக்கத்துப் பட்டறைல கடைஞ்சு குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அப்பா தடுக்கவில்லை. வாடகைக்குப் பக்கத்துப் பட்டறைக்காரரிடம் கைமாற்று வாங்கினார். வீட்டில் அம்மா, "வந்த வேலைய ஏனுங்க திருப்பி அனுப்புனீங்க?" என்று கேட்டபோது, "அந்த வண்டில நாலு சனம் ஏறுது" என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அந்த வண்டி மீண்டும் வந்தது. பழைய அலாய் ரிம்களைக் கொடுத்து, கையில் கொஞ்சம் போட்டு, ஈ.டி. 40 ரிம்களாக மாற்றியிருந்தார். நடுத்துளை மட்டும் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தது. ஹப் 54.1 மி.மீ.; ரிம்மின் துளை 60.1. அந்த இடைவெளியை அடைக்க 3 மி.மீ. தடிமனில் மையம் நிறுத்தும் வளையங்கள் நான்கு கடைந்து கொடுத்தோம். 25 மி.மீ. ஸ்பேசருக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூலியில் கால்பங்குதான் வந்தது. அப்பா அதை எண்ணிப் பாராமல் பையில் போட்டுக்கொண்டு, அந்த அண்ணனிடம், "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து நட்ட மறுபடி முறுக்கிப் பாரு தம்பி" என்றார். பிறகு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பச் சொல்லி, பின்சீட்டில் பட்டறை ஆட்கள் மூவரை ஏற்றி, டயர் எங்கும் தொடவில்லை என்பதை விளக்குப் பிடித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்.

அன்று மாலை ஒரு சுண்ணாம்புக் கட்டியை என்னிடம் நீட்டி, லேத்துக்கு மேலே உள்ள சுவரில் அந்தக் கணக்கை எழுதச் சொன்னார். 'உள்ளே: பாதி அகலம் + ஈ.டி. வெளியே: பாதி அகலம் − ஈ.டி.' என்று எழுதினேன். அதற்குக் கீழே, 'நட்டு பத்துச் சுற்று' என்று அவர் தம் கையால் எழுதினார். என் இரண்டு வரியும் அவருடைய ஒரு வரியும் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு முழுமை பெறும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் சக்கரம் நிற்காது.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் என் போன்ற தோழர் தோழியருக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். நாம் இங்கே கற்பதற்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் கைத்தழும்போடு கற்றதற்கும் நடுவில் ஒரு தூரம் இருப்பதாக நினைத்து ஒதுங்கி நிற்கிறோம். அந்தத் தூரத்தை மறைப்பதற்கு ஆளுக்கொரு ஸ்பேசரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அது வேண்டியதில்லை. தறியோ, அடுப்போ, ஏரோ, லேத்தோ, உங்கள் வீட்டுத் தொழில் எதுவாயினும் அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கும். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அதன் அருகே போய் உட்காருங்கள். அளவுகளை அவர்கள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள்.